அதிபர் தேர்தல்களில் அச்சப் பரப்புரையும் மனச்சான்று வாக்கும்: அமெரிக்கா, பிரான்சு, இலங்கை – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

எதிர்த்தரப்பு வேட்பாளர் வென்றால் நேரக்கூடிய தீங்கை முன்னிறுத்தி வாக்குக் கேட்பது அச்சப் பரப்புரை. வெற்றி வாய்ப்பைப் பொருட்படுத்தாமல், தாம் சரியெனக் கருதும் வேட்பாளருக்கு அளிப்பது மனச்சான்று வாக்கு. இவ்விரண்டுக்கும் இடையிலான முரண் பெரும்பாலும் வாக்காளரின் தனிப்பட்ட ஒழுக்கச் சிக்கலாகவே பேசப்படுகிறது. அச்ச வாதத்தின் வலிமை வாக்கு முறையையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை அமெரிக்கா, பிரான்சு, இலங்கை ஆகிய நாடுகளின் அதிபர் தேர்தல்களைக் கொண்டு விளக்குகிறது. வாக்கு முறையைச் சட்டத்தில் மாற்றுவது மட்டும் போதாது. வாக்காளரின் பழக்கமும் பரப்புரையின் மொழியும் மாறாதவிடத்துச் சட்டம் தந்த வாய்ப்புப் பயன்படாமலே போகிறது என்பதை 2024ஆம் ஆண்டு இலங்கைச் சனாதிபதித் தேர்தலின் இரண்டாம் எண்ணிக்கை வழி நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: அச்சப் பரப்புரை, மனச்சான்று வாக்கு, விருப்பு வாக்கு, இரு சுற்று முறை, பொறுப்பறம், சனாதிபதித் தேர்தல்

முன்னுரை

நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற கட்சியும் சில இடங்களைப் பெற்று அவையில் அமர்கிறது. அதிபர் தேர்தலில் இருப்பது ஒரே இருக்கை. வென்றவர் முழு அதிகாரத்தையும் பெறுகிறார். தோற்றவருக்கு எதுவும் இல்லை. இவ்வமைப்பு இயல்பாகவே அச்சத்துக்கு இடந்தருகிறது. "எம்மை ஆதரியுங்கள்" என்பதைவிட "அவரைத் தடுத்து நிறுத்துங்கள்" என்பதே பல தேர்தல்களில் உரத்து ஒலிக்கும் முழக்கமாகிறது.

இம்முழக்கம் எதிரணியை மட்டும் குறிவைப்பதில்லை. சிறு கட்சிகளையும் சுயேச்சைகளையும் விரும்பும் வாக்காளரையும் நோக்கி அது பேசுகிறது. "உங்கள் கொள்கை நல்லதுதான், ஆனால் இந்தத் தேர்தலில் அதற்கு இடமில்லை, வாக்கை வீணாக்கினால் தீயவர் வெல்வார்" என்பதே அதன் சாரம். அடுத்த தேர்தலிலும் இதே சொற்கள் திரும்ப வருகின்றன. இவ்வாறு ஒத்திவைக்கப்படும் கோரிக்கைகள் எப்போது வாக்குப் பெட்டியை எட்டும் என்பது சிறுபான்மை மக்களுக்கும் புதிய கொள்கைகளை முன்வைப்போருக்கும் உயிர்நிலையான வினாவாகும். அவ்வினாவை இக்கட்டுரை மூன்று நாடுகளின் பட்டறிவைக் கொண்டு ஆராய்கிறது.

1. அச்சம், அச்சுறுத்தல், அச்சப் பரப்புரை

இம்மூன்றையும் வேறுபடுத்திக் காண்பது முதற்கண் தேவை. வாக்களித்தால் அல்லது வாக்களிக்காவிட்டால் தீங்கு நேரும் என்று வாக்காளரையே மிரட்டுவது அச்சுறுத்தல், அது குற்றம். வாக்கின் விளைவாக நாட்டுக்கு அல்லது ஒரு சமூகத்துக்கு நேரக்கூடிய தீங்கை எடுத்துக்காட்டி வாக்குக் கேட்பது அச்சப் பரப்புரை. அது கருத்துரிமையின் எல்லைக்குள் நிற்பது. ஆயினும் அதில் உண்மையும் மிகையும் கலந்தே வரும்.

அச்சம் முழுவதும் இழிந்த உணர்ச்சியன்று. எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்று பகுத்தறிதலை அறிவின் செயலாகவே திருக்குறளின் 'அறிவுடைமை' அதிகாரம் காண்கிறது. தற்கால அரசியல் உளவியலும் இதற்கு அணுக்கமான முடிவையே எட்டியுள்ளது. ஜார்ஜ் மார்கஸ், ரஸ்ஸல் நியூமன், மைக்கேல் மக்குவென் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கவலைக்குள்ளான வாக்காளர் வழக்கமான கட்சிப் பற்றிலிருந்து சற்று விலகிப் புதிய செய்திகளைத் தேடுகிறார் என்று கூறியது. டெட் பிராடர் 1998ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலின்போது நடத்திய சோதனைகளும் இத்திசையிலேயே அமைந்தன. இசையாலும் காட்சியாலும் அச்சமூட்டப்பட்ட விளம்பரங்களைக் கண்டோர், தம் பழைய சார்பைவிட அண்மைச் செய்திகளுக்கு மிகுந்த இடமளித்தனர் என்பது அவர் கண்ட முடிவு.

எனவே அச்சம் சிந்தனையை எழுப்பவும் வல்லது. அச்சப் பரப்புரையோ எழுந்த சிந்தனையை ஒரே வாயிலின் வழியாக மட்டும் செலுத்த முயல்கிறது. சிக்கல் தோன்றுமிடம் இதுவே.

இதற்குப் பலரும் அறிந்த சான்று 1964ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் லிண்டன் ஜான்சன் தரப்பு வெளியிட்ட விளம்பரம். பூவின் இதழ்களை எண்ணியபடி பிய்க்கும் ஒரு சிறுமி, தலைகீழாக எண்ணும் ஓர் ஆண் குரல், பின்னர் அணுகுண்டு வெடிப்பு என அது அமைந்தது. எதிர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் இடம்பெறவே இல்லை. 1964 செப்டம்பர் 7 அன்று ஒரே ஒருமுறைதான் அது கட்டண விளம்பரமாக ஒளிபரப்பானது. அதன்பின் செய்தி நிகழ்ச்சிகளே அதனைப் பரப்பின. பெயரைச் சொல்லாமலே எவரைக் குறித்த அச்சம் என்பது மக்களுக்கு விளங்கியது. அணு ஆயுதங்கள் பற்றிக் கோல்ட்வாட்டர் ஏற்கெனவே கூறியிருந்த கருத்துகளே அதற்குக் காரணம். முன்பே வேர்விட்ட ஐயத்தின் மீதுதான் அச்சப் பரப்புரை வளரும் என்பதை இது காட்டுகிறது.

2. அச்ச வாதத்தின் மூன்று கூற்றுகள்

சிறு கட்சி வாக்காளரிடம் வைக்கப்படும் அச்ச வாதம் ஒற்றை வாதமாகத் தோன்றினாலும் அதனுள் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன.

முதலாவது, எதிர் வேட்பாளரால் நேரும் தீங்கு உண்மையானது, பெரியது.
இரண்டாவது, வெல்லக்கூடியவர் இருவர் மட்டுமே.
மூன்றாவது, இந்த வாக்காளரின் வாக்கு அவ்விருவரில் ஒருவரைத் தீர்மானிக்கும் இடத்தில் உள்ளது.

முதற்கூற்று வேட்பாளரைப் பற்றியது. அதனை அவருடைய சொல்லையும் செயலையும் கொண்டு ஆராயலாம். இரண்டாவது, மூன்றாவது கூற்றுகள் வாக்கு முறையைப் பற்றியவை. மேடைப் பேச்சில் முதற்கூற்றே விரிவாகப் பேசப்படும். பின்னிரண்டும் சொல்லாமலே ஏற்கப்பட்டவையாகக் கடந்து செல்லும். மூன்றில் ஒன்று பொய்த்தாலும் வாதம் முழுமை பெறாது.

இரண்டாம் கூற்றின் அடிப்படையை மோரிஸ் துவெர்ஜே 1951இல் வெளியிட்ட அரசியற் கட்சிகள் பற்றிய நூலில் விளக்கினார். மிகுதியான வாக்குப் பெற்றவர் ஒரே சுற்றில் வெல்லும் முறை இரு கட்சி அமைப்பை நோக்கி இட்டுச்செல்லும் என்பது அவர் கருத்து. வாக்கு வீணாகும் என்னும் எண்ணம் அதற்கான காரணங்களுள் ஒன்று. மக்கள் இருவரே வெல்வர் என நம்புகின்றனர். நம்புவதால் அவ்விருவருக்கே வாக்களிக்கின்றனர். அதனால் அவ்விருவருள் ஒருவரே வெல்கிறார். நம்பிக்கை தன்னைத் தானே மெய்ப்பித்துக் கொள்கிறது.

3. புளோரிடா, 2000

அமெரிக்காவில் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியான தேர்வாளர் குழுவே தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் சென்று சேர்வர். 2000ஆம் ஆண்டில் முடிவு புளோரிடாவில் தங்கியது. அங்கு ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அல் கோரைவிட 537 வாக்குகள் மட்டுமே கூடுதலாகப் பெற்றார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் பெற்றவை 97,488 வாக்குகள். நாடு முழுவதும் கோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முன்னிலை பெற்றும் தோற்றார். அதன்பின் நடந்த ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் மனச்சான்று வாக்குக்கு எதிரான எச்சரிக்கையாக இவ்வெண்கள் காட்டப்படுகின்றன.

இவ்வெண்களை நுணுகிப் பார்த்தல் வேண்டும். நேடருக்கு வாக்களித்த அனைவரும் அவர் இல்லாவிட்டால் கோரையே ஆதரித்திருப்பர் என்பது எளிய ஊகம். வாக்குச் சீட்டுத் தரவுகளை ஆராய்ந்த மைக்கேல் ஹெரன், ஜெஃப்ரி லூயிஸ் ஆகியோர், புளோரிடாவின் நேடர் வாக்காளருள் ஏறத்தாழ 60 சதவிகிதத்தினரே கோரின் பக்கம் சாய்ந்திருப்பர் என மதிப்பிட்டனர். இக்கணக்கின்படியும் நேடர் களத்தில் இல்லாதிருந்தால் கோர் வென்றிருக்கவே வாய்ப்பு மிகுதி. ஏனெனில் வேறுபாடு 537 மட்டுமே. ஆனால் அதே வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால், சில நூறு வாக்குகள் மட்டுமே பெற்ற வேறு சிறு வேட்பாளர்களையும் முடிவை மாற்றியவர்கள் எனக் கூற நேரும். இவ்வளவு நெருங்கிய போட்டியில் எந்தச் சிறு காரணமும் முடிவான காரணமாகத் தோற்றமளிக்கும். அவற்றுள் சிறு கட்சி வாக்காளர் மட்டும் பழியேற்பது ஆராயத்தக்கது.

மூன்றாம் கூற்று இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் இத்தேர்தல் உணர்த்தியது. நியூயார்க் மாநிலத்தில் கோர் ஏறத்தாழ 25 சதவிகிதப் புள்ளிகள் முன்னிலையில் வென்றார். அங்கு நேடருக்கு விழுந்த வாக்கு எவருடைய வெற்றிக்கும் இடையூறாகவில்லை. ஆயினும் "நேடருக்கு வாக்களிப்பது புஷ்ஷுக்கு வாக்களிப்பதே" என்னும் முழக்கம் மாநில வேறுபாடு இன்றி ஒலித்தது. வாக்காளர் சிலர் இணையத்தளங்களின் வழி ஒப்பந்தம் செய்துகொண்டு, போட்டி கடுமையாக உள்ள மாநிலத்தவர் கோருக்கும் உறுதியான மாநிலத்தவர் நேடருக்கும் வாக்களிக்க முயன்றனர். இத்தகைய வாக்குப் பரிமாற்ற ஏற்பாடு பேச்சுரிமையின் பாதுகாப்புப் பெறும் என ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. வாக்கு முறை தராத வழியை வாக்காளர்களே தேடிக்கொண்டதற்கு இது சான்று.

4. நியூயார்க், 1844: மனச்சான்றின் விலை

புளோரிடாவுக்கு 156 ஆண்டுகள் முன்பே இச்சிக்கல் இன்னும் கூர்மையாக எழுந்தது. 1844ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களாட்சிக் கட்சியின் ஜேம்ஸ் போல்க், விக் கட்சியின் ஹென்றி கிளே ஆகியோர் முதன்மை வேட்பாளர்கள். டெக்சாஸை அமெரிக்காவுடன் இணைத்து அதன்வழி அடிமை முறை பரவ இடமளிக்கும் கொள்கையைப் போல்க் ஆதரித்தார். கிளே அதில் தயங்கினார். ஆனால் அவரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவரே. அடிமை முறையை எதிர்ப்பதற்கென்றே தோன்றிய விடுதலைக் கட்சி ஜேம்ஸ் பிர்னியை நிறுத்தியது. அவர் ஒருகாலத்தில் தாமே அடிமைகளை வைத்திருந்து பின்னர் அவர்களை விடுவித்தவர்.

நியூயார்க் மாநிலத்தில் போல்க் 5,106 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். பிர்னி அங்கு 15,812 வாக்குகள் பெற்றார். அம்மாநிலத்தின் 36 தேர்வாளர்கள் கிளேவுக்குக் கிடைத்திருந்தால் அவரே அதிபராகியிருப்பார். போல்க்கின் ஆட்சியில் மெக்சிகோவுடன் போர் மூண்டது. அடிமை முறையை வெறுத்தோரின் வாக்குகளே அதனை விரிவாக்க விரும்பியவருக்குத் துணையாயின என்று விக் கட்சியினர் குற்றஞ்சாட்டினர்.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். 1840இல் ஏறத்தாழ 7,000 வாக்குகளே பெற்ற விடுதலைக் கட்சி 1844இல் 62,000 வாக்குகளை எட்டியது. 1848இல் அதன் வழித்தோன்றலான சுதந்திர நிலக் கட்சி பத்து சதவிகித வாக்குகளைப் பெற்றது. 1854இல் இவ்வணியினரும் விக் கட்சியிலிருந்து பிரிந்தோரும் பிறரும் சேர்ந்து குடியரசுக் கட்சியை உருவாக்கினர். 1860இல் ஆபிரகாம் லிங்கன் வென்றார். 1865இல் அரசமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. சிறு கட்சியின் வாக்கு ஒரு தேர்தலின் முடிவை மட்டுமன்றி, அடுத்து வரும் தேர்தல்களின் பேசுபொருளையும் மாற்றவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஆயினும் 1844க்கும் 1865க்கும் இடைப்பட்ட இருபத்தோர் ஆண்டுகளின் துன்பத்தைச் சுமந்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. மனச்சான்றின்படி வாக்களித்தவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்தியவர் மற்றொருவர். கிளே வென்றிருந்தால் அவர்களின் விடுதலை விரைந்திருக்குமா, மேலும் தள்ளிப்போயிருக்குமா என்பதை எவரும் உறுதியாகக் கூறவியலாது. இவ்வுறுதியின்மையே மனச்சான்று வாக்கு, அச்ச வாக்கு ஆகிய இரண்டுக்கும் பொதுவான நிலை.

5. பிரான்சு, 2002: இரு சுற்று முறையின் எல்லை

இரு சுற்று முறை இச்சிக்கலைத் தீர்க்கும் என்பது பொதுக் கருத்து. முதற்சுற்றில் மனச்சான்றின்படியும் இரண்டாம் சுற்றில் தடுப்பு நோக்கிலும் வாக்களிக்கலாம் என்பது அதன் ஏரணம். 2002 ஏப்ரல் 21 அன்று நடந்த பிரெஞ்சு அதிபர் தேர்தலின் முதற்சுற்று இதன் எல்லையைக் காட்டியது. பதினாறு வேட்பாளர்கள் போட்டியிட்டனர். ழாக் சிராக் 19.88 சதவிகிதமும் தீவிர வலதுசாரியான ழான்-மரி லெ பென் 16.86 சதவிகிதமும் பெற்றனர். சோசலிசக் கட்சியின் பிரதமர் லியோனல் ழொஸ்பன் 16.18 சதவிகிதத்துடன் வெளியேறினார். இடதுசாரி வாக்குகள் பல வேட்பாளரிடையே சிதறியதே இதற்கு முதன்மைக் காரணம்.

மே 5ஆம் நாள் இரண்டாம் சுற்றில் சிராக் 82.21 சதவிகித வாக்குகளுடன் வென்றார். அவற்றுள் பெரும்பகுதி லெ பென்னைத் தடுக்கும் நோக்கில் விழுந்தவை. சிராக்கின் கொள்கைக்குக் கிடைத்த ஒப்புதல் அல்ல. இத்தேர்தலுக்குப் பின் 'பயன்தரும் வாக்கு' என்னும் தொடர் முதற்சுற்றுப் பரப்புரையிலேயே ஓங்கி ஒலிக்கலாயிற்று. மனச்சான்றுக்கென ஒதுக்கப்பட்ட சுற்றுக்குள்ளும் அச்சம் நுழைந்தது. முறை மாறியபோது அச்சம் மறையவில்லை. அதன் இடம் மாறியது.

6. இலங்கை: சட்டம் தந்த மூன்று விருப்புகள்

இலங்கையின் சனாதிபதித் தேர்தல் முறை இவ்விரு நாடுகளினின்றும் வேறுபட்டது. 1978ஆம் ஆண்டு அரசமைப்பும் 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சனாதிபதித் தேர்தல்கள் சட்டமும் வாக்காளர் தம் விருப்பை 1, 2, 3 என வரிசைப்படுத்த இடமளிக்கின்றன. எவரும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறாவிடின், முதலிரு இடத்தவர் தவிர்ந்த அனைவரும் நீக்கப்படுவர். நீக்கப்பட்டோரின் வாக்குச் சீட்டுகளில் எஞ்சிய இருவருக்கும் அளிக்கப்பட்ட அடுத்த விருப்புகள் கூட்டப்படும். இரு சுற்றுகளை ஒரே சீட்டில் அடக்கிய முறை இது. முதல் விருப்பை மனச்சான்றுக்கும் அடுத்த விருப்பைத் தடுப்புக்கும் அளிக்க இதில் வழியுண்டு. மூன்றாம் கூற்றின் கூர்மையைச் சட்டமே மழுங்கச் செய்துள்ளது எனலாம்.

எனினும் இம்முறை தமிழ் வாக்காளரிடையே நிலவிய அச்ச வாதத்தை நீண்டகாலம் தணிக்கவில்லை. 1982இல் நடந்த முதல் சனாதிபதித் தேர்தலில் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டு 1,73,934 வாக்குகள் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் அவருக்கே கிடைத்தது. அதன்பின் வந்த தேர்தல்களில் எவரைத் தடுப்பது என்னும் வினாவே மேலோங்கியது. 2010ஆம் ஆண்டுத் தேர்தல் இதன் உச்சம். போர் முடிந்து எட்டு மாதங்களே கழிந்திருந்தன. போரை வழிநடத்திய சனாதிபதி மகிந்த ராசபக்ச ஒருபுறம்; அப்போரின் இறுதிக் கட்டத்தில் படைத்தளபதியாக இருந்த சரத் பொன்சேகா மறுபுறம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புப் பொன்சேகாவை ஆதரித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர் ஏறத்தாழ 64 சதவிகித வாக்குகள் பெற்றார். ஆனால் அம்மாவட்டத்தில் வாக்களித்தோர், பதிவு செய்யப்பட்டோருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. இடம்பெயர்ந்தோர் பெயர்களும் பட்டியலில் இருந்தமை இதற்கு ஒரு காரணம். தெரிவின் தன்மையும் மற்றொரு காரணமாகக் கருதத்தக்கது.

2019ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டு அச்சங்கள் எதிரெதிரே நின்றன. அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாட்டுப் பாதுகாப்பு என்னும் அச்சம் தென்னிலங்கையில் கோத்தாபய ராசபக்சவுக்குத் துணைநின்றது. போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த அவரே வடக்கு கிழக்கில் அச்சத்தின் பொருளானார். அவர் நாடளவில் 52.25 சதவிகிதம் பெற்று வென்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் பிரேமதாச ஏறத்தாழ 84 சதவிகிதம் பெற்றார். அத்தேர்தலில் சுயேச்சையாக நின்ற தமிழ் வேட்பாளர் எம். கே. சிவாஜிலிங்கம் பெற்றவை பன்னிரண்டாயிரத்தைச் சற்றே தாண்டிய வாக்குகள்.

7. 2024: முதன்முறையாக நடந்த இரண்டாம் எண்ணிக்கை

1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைக் கடந்தார். 2005இல் வென்றவர் பெற்றது 50.29 சதவிகிதமே என்பதால், அன்று மயிரிழையில் இரண்டாம் எண்ணிக்கை தவிர்ந்தது. 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த தேர்தலில்தான் அது முதன்முறையாகத் தேவைப்பட்டது. அனுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளும் (42.31 சதவிகிதம்), சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளும் (32.76 சதவிகிதம்) பெற்றனர். பொருளாதார நெருக்கடி மீளும் என்னும் எச்சரிக்கையைப் பரப்புரையில் முன்வைத்த ரணில் விக்கிரமசிங்க 17.27 சதவிகிதத்துடன் மூன்றாமிடம் பெற்றார். தமிழ்க் கட்சிகள் சிலவும் குடிமைச் சமூக அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். இலங்கைத் தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தபோதும் யாழ்ப்பாண மாவட்டத்தில் அரியநேத்திரன் சஜித்துக்கு மிக நெருங்கிய இரண்டாமிடத்தைப் பெற்றார்.

2019இன் பன்னிரண்டாயிரத்தையும் 2024இன் இரண்டு இலட்சத்து இருபத்தாறாயிரத்தையும் ஒப்பிடும்போது இரு காரணங்களைக் கருதலாம். முன்னதில் தனியொருவர் நின்றார். பின்னதில் ஓர் அணி நிறுத்தியது. அமைப்பு வலிமை முதற்காரணம். தடுத்தே ஆகவேண்டிய ஒருவர் என 2019இல் இருந்ததுபோல் எவரும் வெல்லும் நிலையில் 2024இல் இல்லாமை இரண்டாவது. அச்சம் தணிந்தபோது மனச்சான்று வாக்குக்கு இடம் கிடைத்தது. இவ்விரு காரணங்களின் பங்கைத் தனித்தனியே அளந்தறிய வாக்குச்சாவடி நிலைத் தரவுகளைக் கொண்ட ஆய்வு தேவை.

இனி இரண்டாம் எண்ணிக்கையின் முடிவைக் காணலாம். செல்லுபடியான வாக்குகள் 1,33,19,616. அவற்றுள் முதலிருவர் தவிர்ந்த வேட்பாளர்களுக்கு விழுந்தவை 33,21,666. இச்சீட்டுகளிலிருந்து திசாநாயக்கவுக்குச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 1,05,264. பிரேமதாசவுக்குச் சேர்ந்தவை 1,67,867. இரண்டின் கூட்டுத்தொகை 2,73,131. அதாவது நீக்கப்பட்ட வேட்பாளர்களை ஆதரித்தோருள் ஏறத்தாழ 8 சதவிகிதத்தினரின் அடுத்த விருப்பே முடிவைத் தீர்மானிக்கும் கணக்கில் சேர்ந்தது. வென்றவரின் இறுதி எண்ணிக்கையான 57,40,179 என்பதும் செல்லுபடியான வாக்குகளில் 43 சதவிகிதமே. பெரும்பான்மை ஒப்புதல் பெற்ற தலைவரைத் தருவதற்காக வகுக்கப்பட்ட முறை அதனைத் தரவில்லை.

எஞ்சிய 92 சதவிகிதத்தினர் அனைவரும் அறியாமையால் விருப்பைக் குறிக்கவில்லை எனக் கொள்ளுதல் பிழை. சிலர் அடுத்த விருப்பையும் நீக்கப்பட்ட வேறொருவருக்கே அளித்திருக்கலாம். சிலருக்கு முதலிருவரும் ஒருபோலவே ஏற்பில்லாதவராக இருந்திருக்கலாம். அவ்வாறாயின் இரண்டாம் விருப்பைக் குறிக்காமையும் மனச்சான்றின் செயலே. ஆயினும் விழுக்காடு இவ்வளவு தாழ்ந்திருப்பதற்குப் பழக்கமும் ஒரு காரணம் என்பதை மறுத்தற்கில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் எண்ணப்படாத ஒன்றைக் குறிக்கும் வழக்கம் எளிதில் உருவாகாது. ஒற்றைப் புள்ளடி இட்ட சீட்டும் செல்லும் என்பதால், மூன்று விருப்புகள் இருப்பதையே எண்ணாது வாக்களிக்க இயலும். அதனினும் முதன்மையாக, "அவருக்கு வாக்களித்தால் வாக்கு வீணாகும்" என்னும் பரப்புரை, விருப்பு வாக்கு முறை உள்ள நாட்டிலும் அம்முறையே இல்லாததுபோல் பேசப்பட்டு வந்துள்ளது. சட்டம் திறந்த வாயிலை மேடைப் பேச்சு மூடியே வைத்திருந்தது.

8. பற்றுறுதி அறமும் பொறுப்பறமும்

மாக்ஸ் வேபர் 1919இல் மியூனிக் நகரில் ஆற்றிய உரையில் அரசியலில் இருவகை அறங்கள் உள்ளன என்றார். கொள்கைக்கு உண்மையாக நின்று விளைவை விளைவின் போக்கில் விடுவது பற்றுறுதி அறம். தன் செயலின் முன்னறியத்தக்க விளைவுகளுக்குத் தானே பொறுப்பேற்பது பொறுப்பறம். மனச்சான்று வாக்கை முதலாவதிலும் அச்ச வாக்கை இரண்டாவதிலும் அடக்குவது பொதுவான பழக்கம். இப்பாகுபாடு முற்றும் பொருந்தாது. விளைவு என்பது அடுத்த நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளின் ஆட்சி மட்டுமா, அடுத்த தலைமுறையின் அரசியலுமா என்பதைப் பொறுத்தே பொறுப்பு அமைகிறது. 1844இல் பிர்னிக்கு வாக்களித்தோர் விளைவை எண்ணாதவர் அல்லர். நெடுங்கால விளைவை எண்ணியவர் எனலாம். அதுபோலவே, தீங்கைத் தடுக்க விரும்பாத வேட்பாளருக்கு வாக்களித்தவரும் மனச்சான்றைத் துறந்தவர் அல்லர். பிறர் துன்பத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதும் மனச்சான்றின் குரலே.

வாக்கு முறை இம்முரணை முற்றிலும் நீக்கிவிடும் என எதிர்பார்த்தலும் ஆகாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர் உள்ளபோது, ஒருவரின் தனி ஆணைக்கு உட்படாத எந்த வாக்கு முறையும் உத்தி வாக்குக்கு முழுமையாக இடமளிக்காமல் இருக்க முடியாது என ஆலன் கிப்பார்ட் 1973இலும் மார்க் சாட்டர்த்வைட் 1975இலும் தனித்தனியே நிறுவினர். இலங்கை முறையிலும், மனச்சான்று வேட்பாளரும் ஏற்கத்தக்க வேட்பாளரும் இரண்டாமிடத்துக்கே போட்டியிடும் நிலை வந்தால் பழைய சிக்கல் மீளும். ஆயினும் எல்லா முறைகளும் ஒன்றல்ல. வாக்காளர் தம் உண்மையான விருப்பை வெளியிடச் செலுத்தும் விலை சில முறைகளில் மிகுதி, சிலவற்றில் குறைவு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 2020 முதல் அதிபர் தேர்தலுக்கும் தரவரிசை வாக்கு முறையைக் கையாள்வது இவ்விலையைக் குறைக்கும் முயற்சியே.

முடிவுரை

இவ்வாய்வின் வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

அச்சப் பரப்புரையை முழுவதும் பொய் எனத் தள்ளுவதும் முழுவதும் மெய் எனக் கொள்வதும் பொருந்தாது. தீங்கு உண்மையா, போட்டி இருவரிடையே மட்டுமா, இவ்வாக்கு தீர்மானிக்கும் இடத்தில் உள்ளதா என்னும் மூன்று வினாக்களையும் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும். புளோரிடாவில் மூன்றாம் வினாவுக்குக் கிடைக்கும் விடை நியூயார்க்கில் கிடைப்பதில்லை.

மனச்சான்று வாக்கின் பயனை ஒரு தேர்தலின் முடிவைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. அதே வேளை அதன் இடைக்கால விலையை யார் செலுத்துகின்றனர் என்பதையும் கணக்கில் கொள்ளாதிருத்தல் அறமாகாது.

வாக்கு முறைச் சீர்திருத்தம் மனச்சான்று வாக்கின் விலையைக் குறைக்கும். ஆனால் அச்சீர்திருத்தம் வாக்காளரின் கைக்கு எட்டினால்தான் பயன்படும். இலங்கை வாக்காளரிடம் மூன்று விருப்புகள் நாற்பத்திரண்டு ஆண்டுகளாக இருந்தன. முதன்முறையாக அவை எண்ணப்பட்டபோது பன்னிரண்டில் ஒருவரின் அடுத்த விருப்பே முடிவுக் கணக்கில் சேர்ந்தது. வாக்காளர் கல்வியும் விருப்பு வாக்குகளைக் கேட்டுப் பெறும் பரப்புரையும் அடுத்த தேர்தலுக்கு முன் வளருமாயின், 'வாக்கு வீணாகும்' என்னும் அச்சம் அங்குத் தன் அடித்தளத்தை இழக்கும். இல்லையேல், சிறுபான்மை மக்களின் கோரிக்கைகள் மீண்டும் ஒரு தேர்தலுக்கு ஒத்திவைக்கப்படும்.